சங்கிலியும் சட்டமும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் பருவம் வந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் மிதிவண்டிப் பேச்சு எழுவது வழக்கம். தேர்வில் தேறினால் வாங்கித் தருவதாகத் தந்தை வாக்களித்திருப்பார். அந்த வாக்கைப் பிள்ளை நாள்தோறும் நினைவூட்டிக் கொண்டிருப்பான். இக்காலத்துச் சிறுவர் சிறுமியர் தாத்தா ஓட்டிய கறுப்பு வண்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தடித்த டயரும், முன்புறம் வில்லும், பல கியர்களும் கொண்ட ‘மௌண்டன் பைக்’ என்னும் மலை மிதிவண்டியையே கேட்கின்றனர். மலை என்று சொல்லத்தக்கது கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லாத தில்லியிலும் கொல்கத்தாவிலுங்கூட அதுவே அவர்கள் விருப்பம்.

இவ்வண்டியைக் குறித்து அன்பர் சிலர் நம்மிடம் இரண்டு வினாக்களை விடுத்துள்ளனர். வாங்கிச் சில மாதங்களுக்குள் சங்கிலி அடிக்கடி கழன்று விழுவதும், மிதிக்கும்போது ‘கடக்’கென்று தாவுவதும் ஏன் என்பது ஒன்று. பிள்ளைக்கு எந்த அளவு வண்டி வாங்குவது என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு வினாக்கள்போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதனை முதலில் விளக்கிவிடுவோம்.

சாலைச் சந்திப்பில் பச்சை விளக்கு எரிகிறது. பிள்ளை இருக்கையினின்றும் எழுந்து, உடற்பாரம் முழுவதையும் ஒரு பெடலின்மேல் வைத்து அழுத்துகிறான். அவ்வேளையில் சங்கிலி பல்லை விட்டுத் தாவினால் கால் பிடிமானமின்றித் திடீரென்று கீழே இறங்கும். உடல் முன்னே சரிந்து வண்டியின் மேற்குழாயை நோக்கி விழும். வண்டியின் சட்டம் அவனுடைய அளவுக்கு ஏற்றதாயின் இரு கால்களும் தரையில் ஊன்றிக்கொள்ளும்; வந்த ஆபத்து அச்சத்தோடு நீங்கும். சட்டம் உயரமானதாயின் கால் தரையைத் தொடுமுன் குழாய் உடலைத் தாக்கும். வண்டியும் பிள்ளையும் நடுச்சாலையிற் சாய்வர். பின்னே வருவது பேருந்தாகவும் இருக்கலாம். ஆகவே சங்கிலியைப் பேணுதல் முதற் காவல். பொருத்தமான சட்டத்தைத் தேர்தல் இரண்டாவது காவல். இரண்டுக்கும் வேண்டுவன ஓர் அளவுநாடாவும் கால்மணி நேரமுமே.

சங்கிலியின் இயல்பு

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் ஆக்கினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1885-இல், ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் மிதிவண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட அவ்வண்டியே இன்றைய மிதிவண்டிகளின் முன்னோடி.

சங்கிலியின் கண்ணிகளைச் சிற்றாணிகள் இணைக்கின்றன. ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை உள்ள தூரம் அரை அங்குலம். பால்காரர் ஓட்டும் கறுப்பு வண்டிக்கும், பன்னிரண்டு கியர் உள்ள புதுவண்டிக்கும் இந்த அளவு ஒன்றே. அகலம் மட்டுமே வேறுபடும். பற்சக்கரத்தின் பற்களும் அதே அரை அங்குல இடைவெளிக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. இவ்விரண்டும் ஒத்திருக்கும் வரையில் சங்கிலி ஓசையின்றி ஓடும். அந்த ஒப்பு கெடுவதே பெரும்பாலான தொல்லைகளின் வேர்.

‘சங்கிலி நீண்டுவிட்டது’ என்று மிஸ்திரிகள் சொல்வதுண்டு. இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். நிகழ்வது வேறு. ஒவ்வோர் ஆணியும் அது சுழலும் துளையும் மயிரிழை தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகளில் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்தது ஒன்றுசேர்ந்து நீளமாக வெளிப்படுகிறது. இனி, இந்நிலைக்கும் பிற தொல்லைகளுக்கும் உரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஐந்து காரணங்கள்

முதலாவது, வறட்சியும் அழுக்கும். தில்லியில் மே, ஜூன் திங்கள்களில் வீசும் புழுதிக் காற்றும், மும்பையின் மழையும் உப்புக் காற்றும் சங்கிலிக்குப் பகை. இதற்கு அஞ்சி நம் இல்லங்களில் சிலர் கைக்கு எட்டிய தேங்காயெண்ணெயை வார்த்துவிடுகின்றனர். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் இயல்பினது. சென்னையில் நீராக ஓடும் அது, வடநாட்டுக் குளிர்காலத்தில் மெழுகாக இறுகிக் கண்ணிகளை விறைக்கச் செய்யும். மேலும், சமையலுக்குரிய எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகிப் புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெயும் மண்ணும் கலந்த அச்சாந்து ஆணிகளை அரம்போல் அராவும். எனவே, மிதிவண்டிச் சங்கிலிக்கென விற்கும் எண்ணெயையே வாங்குக. முதலில் துணியால் சங்கிலியை அழுந்தத் துடைக்க வேண்டும். பின்னர்ப் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே உருளைக்கு ஒரு சொட்டு வீதம் இடவேண்டும். சில நிமிடங்கள் கழித்து வெளிப்புறத்தை மீண்டும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே நிற்பது புழுதிக்கு இடும் விருந்து.

இரண்டாவது, தேய்வு. இதனை அளந்தே அறிய வேண்டும். அளவுநாடாவின் 1 அங்குலக் கோட்டை ஓர் ஆணியின் நடுவில் வைத்துச் சங்கிலியை இழுத்துப் பிடித்து, அதிலிருந்து 24-ஆம் ஆணியைப் பாருங்கள். புதுச் சங்கிலியில் அது 13 அங்குலக் கோட்டில், அதாவது தொடங்கிய இடத்திலிருந்து சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் சென்றிருந்தால் கியர் வண்டிக்குப் புதுச் சங்கிலி வாங்கும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் சென்றிருந்தால் பின்புறப் பற்சக்கரங்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். கியர் இல்லாத கறுப்பு வண்டி மட்டும் 1/8 அங்குலம் வரை பொறுத்துக்கொள்ளும். பலர் நாடாவின் நுனியிலிருந்து அளக்கின்றனர். அங்குள்ள கொக்கி சிறிது அசையுமாதலால் அளவு பிழைபடும். ஆதலின்தான் 1 அங்குலக் கோட்டிலிருந்து தொடங்கச் சொன்னோம்.

தேய்ந்த சங்கிலியை மாற்றாமல் ஓட்டினால் பற்சக்கரத்தின் பற்கள் அதற்கு ஏற்பத் தேய்ந்து, ஒருபுறம் வளைந்த கொக்கிகளாகிவிடும். பின்னர்ப் புதுச் சங்கிலி போட்டாலும் அது பழைய பல்லில் அமராது. அழுத்தி மிதிக்கும்போது தாவும். ‘புதுச் சங்கிலி போட்ட பிறகே தொல்லை மிகுந்தது’ என்று அன்பர்கள் வியப்பதன் உண்மை இதுவே. உரிய காலத்தில் சங்கிலியை மட்டும் மாற்றுவோர்க்குச் செலவு சிறிது. காலங் கடத்துவோர் பற்சக்கரத் தொகுதிக்கும் சேர்த்துக் கொடுக்க நேரும்.

மூன்றாவது, தளர்ச்சி. இது பெரிதும் கியர் இல்லாத வண்டிகளுக்கு உரியது. முன்பற்சக்கரத்துக்கும் பின்பற்சக்கரத்துக்கும் இடையில் சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மிகுந்தால் சங்கிலி கழலும். மிகக் குறைந்தால் அச்சின் குண்டுகள் தேயும். பெடலைச் சுழற்றிச் சங்கிலி மிக இறுகி நிற்கும் இடத்தைக் கண்டு, அவ்விடத்திலேயே இதனைச் சோதிக்க வேண்டும். சங்கிலியை இறுக்கப் பின்சக்கரத்தைப் பின்னே தள்ளும்போது இருபுறமும் ஒரே அளவு தள்ளப்பட்டதா என்று பார்ப்பது இன்றியமையாதது. சக்கரம் ஒருபுறம் சாய்ந்து நின்றால் சங்கிலி எத்துணை இறுக்கமாயினும் கழன்றே தீரும்.

நான்காவது, கியர் வண்டிக்கே உரிய கோணல். பின்சக்கரத்தின் வலப்புறத்தில் தொங்கிக்கொண்டு சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவிக்கு ‘டீரெய்லர்’ என்று பெயர். ‘தடம் புரட்டுவது’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. இரயில்வேயில் பணியாற்றும் நமக்கு இப்பெயர் முதலிற் கேட்டபோது சற்றுத் துணுக்குறலைத் தந்தது உண்மை! இக்கருவி ஒரு மெல்லிய தகட்டிலிருந்து தொங்குகிறது. வண்டி வலப்புறமாக விழுந்தால் தகடு வளைந்துவிடும். பிறகு எந்தக் கியரும் தன்னிடத்தில் நில்லாது. சங்கிலி சில வேளைகளில் சக்கரக் கம்பிகளுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே விழுந்து சிக்கிக்கொள்ளும்.

மாறுதல் உத்தரவு வந்து ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மவர்க்கு இது முதன்மையான செய்தி. பார்சல் வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து ஏற்றப்படும் மிதிவண்டிகளில் வளைவது பெரும்பாலும் இத்தகடே. அனுப்புமுன் சங்கிலியைப் பின்புறத்துப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் கருவி உட்புறமாக ஒதுங்கி நிற்கும். அதன்மேல் பழந்துணியையும் அட்டையையும் சுற்றிக் கட்டுக. பெடல்களைக் கழற்ற வேண்டின், இடப்பக்கத்துப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை நினைவிற் கொள்க. அது வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகத் தகடு நேராக உள்ளதா என்று மிஸ்திரியிடம் காட்டுவது நன்று. சங்கிலி எல்லை மீறி உட்புறமோ வெளிப்புறமோ விழாதபடி தடுக்கும் இரு சிறு திருகுகள் அக்கருவியில் உண்டு. அவற்றைத் தொழில் அறிந்தவரே திருகட்டும்.

ஐந்தாவது, ஓட்டும் முறை. முன்னே பெரிய பற்சக்கரமும் பின்னேயும் பெரியதுமாக, அல்லது முன்னே சிறியதும் பின்னேயும் சிறியதுமாக வைத்து ஓட்டினால் சங்கிலி குறுக்காக இழுபட்டு விரைந்து தேயும். மேட்டில் முழுவலிமையுடன் மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவதும் தீது. மேடு வருமுன்பே, பெடலை இலேசாகச் சுழற்றியபடி மாற்றிவிட வேண்டும். சிவப்பு விளக்குக்காக நிற்குமுன் எளிய கியருக்கு வந்துவிடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். புறப்படும்போது எழுந்து நின்று அழுத்த வேண்டிய தேவையே இராது; முன்னர்ச் சொன்ன விபத்தின் முதற்படி அப்போதே நீங்கும்.

மொழி தெரியாத ஊரில் மிஸ்திரியிடம் குறையைச் சொல்வதும் ஒரு கலையன்றோ! ‘சேன் உதர் கயீ’, சங்கிலி கழன்றுவிட்டது, என்று மட்டும் நாம் சொன்னால் அவர் எடுத்து மாட்டிவிட்டு அனுப்புவார். எப்போது கழல்கிறது, எந்தக் கியரில், உட்புறமா வெளிப்புறமா என்னும் மூன்றையும் பார்த்து வைத்துச் சொல்லுங்கள். பிழைபட்ட இந்தியிற் சொன்னாலும் நல்ல மிஸ்திரி காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

சட்டத்தின் அளவு

இனி, கடைக்காரர்கள் ‘பிரேம்’ என்று சொல்லும் சட்டத்துக்கு வருவோம். கடையில் ‘26 இன்ச் வண்டி’ என்று சொன்னால் அது சக்கரத்தின் அளவு. மலை மிதிவண்டிகள் 26, 27.5, 29 அங்குலச் சக்கரங்களுடன் வருகின்றன. பிள்ளைக்குப் பொருந்துமா என்பதைச் சக்கரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே 26 அங்குலச் சக்கரத்துக்குச் சிறிய சட்டமும் உண்டு, பெரிய சட்டமும் உண்டு. சட்டத்தின் அளவு என்பது பெடல் அச்சின் நடுவிலிருந்து இருக்கைக் குழாயின் மேல்விளிம்பு வரை உள்ள நீளமாகும். இதனைக் கடையிலேயே நாடா பிடித்து அளந்துவிடலாம்.

நம் முன்னோர் ஓட்டிய 28 அங்குலச் சக்கர வண்டிகளில் சட்டம் 22 அல்லது 24 அங்குலமாக இருந்தது. மலை மிதிவண்டியில் அதே ஆளுக்கு 17 அல்லது 18 அங்குலம் போதும். இந்த வேறுபாட்டைக் கண்டு சிலர் ‘சிறிய வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறார்’ என்று கடைக்காரரை ஐயுறுகின்றனர். காரணம் இவ்வண்டியின் பிறப்பிலேயே உள்ளது. 1970-களில் கலிபோர்னியாவின் மரீன் வட்டாரத்தில் இளைஞர் சிலர் தடித்த டயருள்ள பழைய வண்டிகளில் மலைப்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976-இல் அங்குப் பந்தயமும் தொடங்கிற்று. இவ்வாட்டத்துக்கென்றே 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் புதிய சட்டங்களைச் செய்தார். கரடுமுரடான சரிவில் ஓட்டுபவர் அடிக்கடி இருக்கையை விட்டு எழவும், சட்டென்று கால் ஊன்றவும் நேரும். அதற்கு இடம் கொடுக்கவே நாளடைவில் மேற்குழாய் தாழ்ந்து சரிந்தது, சட்டமும் குறுகிற்று. மலையோ சந்தடி மிக்க சாலையோ, சட்டென்று கால் ஊன்ற வேண்டிய தேவை இரண்டிலும் ஒன்றே.

அளக்கும் முறை எளிது. பிள்ளையைக் காலணியின்றிச் சுவரோடு முதுகு ஒட்டி நிற்கச் செய்க. கெட்டி அட்டையுள்ள புத்தகம் ஒன்றைக் கால்களின் இடையே வைத்து, இருக்கையில் அமர்ந்தாற்போல் மேலே அழுத்திப் பிடிக்கட்டும். புத்தகத்தின் மேல்விளிம்புக்கு நேரே சுவரிற் கோடிட்டுத் தரைவரை அளந்தால் உட்கால் உயரம் கிடைக்கும். அதனைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பிள்ளை வண்டியின் இருபுறமும் கால் வைத்து நிற்கும் இடத்தில் மேற்குழாயின் உயரம் அக்குறிப்பைவிடக் குறைந்தது 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இது முதல் தேர்வு. இதில் தோற்ற வண்டியை, அதன் வண்ணம் எவ்வளவு அழகாயினும், மேற்கொண்டு பார்க்க வேண்டா.

இரண்டாவது தேர்வு இருக்கை. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை அமர்ந்து பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைக்கட்டும். கால் அப்போது நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் சிறிது மடங்கி நிற்கும். அதுவே சரியான உயரம். பெடலை எட்ட இடுப்பை வலமும் இடமும் சாய்க்க நேர்ந்தால் இருக்கையைத் தாழ்த்துக. தாழ்த்த இடமில்லையெனில் சட்டம் பெரியது.

மூன்றாவது தேர்வு நீளம். கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சிறிது மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து, தோள் காதை நோக்கி எழுந்தால் வண்டி நீளம் மிக்கது. இக்காலத்துச் சட்டங்களில் இருக்கைக் குழாய் மிகக் குறுகிவிட்டமையால் எண்ணை மட்டும் நம்பாமல் இந்நீளத்தையும் பார்ப்பது கட்டாயம். அத்துடன் பிரேக் பிடியை விரல்கள் எளிதில் எட்டுகின்றனவா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அப்பிடியைக் கைப்பிடிக்கு அருகே கொணரும் சிறு திருகு உண்டு. சிறு கைக்கு அதனைத் திருகிக் கொடுப்பது கடைக்காரர் கடமை. கேட்டு வாங்குவது நம் கடமை.

தோராயமாகச் சொன்னால், 5 அடி முதல் 5 அடி 4 அங்குலம் வரை உயரமுள்ளவர்க்கு 15 அல்லது 16 அங்குலச் சட்டமும், 5 அடி 8 அங்குலம் வரை 17 அல்லது 18 அங்குலமும், அதற்கு மேல் 6 அடி வரை 19 அல்லது 20 அங்குலமும் பொருந்தும். 5 அடிக்குக் குறைந்த பிள்ளைகட்குச் சிறிய சட்டத்தையோ, 24 அங்குலச் சக்கர வண்டியையோ பார்க்கலாம். வண்டி செய்வோர் ஒவ்வொருவர் அளவும் சிறிது வேறுபடுமாதலின் மேற்கூறிய மூன்று தேர்வுகளே முடிவான தீர்ப்பு. இரண்டு அளவுகளுக்கு இடையே மனம் ஊசலாடினால் சிறியதையே கொள்க.

உள்மடிப்பு இல்லாத பொருள்

‘வளரும் பிள்ளைதானே, பெரியதாகவே வாங்கிவிடுவோம்’ என்னும் சொல்லை நாம் எல்லா இல்லங்களிலும் கேட்கிறோம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் கூறும் இச்சொல்லை எள்ளுவதற்கில்லை. சட்டைக்கும் பாவாடைக்கும் உள்மடிப்பு விட்டுத் தைத்துப் பின்னர்ப் பிரித்து விடுகிறோம். மிதிவண்டிச் சட்டத்துக்கு உள்மடிப்பு இல்லை. அளவுக்கு மிஞ்சிய சட்டை பிள்ளையை விழச் செய்யாது. அளவுக்கு மிஞ்சிய வண்டி செய்யும். ‘இரண்டாண்டில் சரியாகிவிடும்’ என்றால் அந்த இரண்டாண்டும் அவன் கால் எட்டாமல் சாலையிற் செல்கிறான் என்பதுதானே பொருள்?

வளர்ச்சிக்கு இடம் இல்லாமலும் இல்லை. இன்று பொருந்தும் சட்டத்தில் இருக்கைத் தண்டைச் சிறிது சிறிதாக உயர்த்திச் செல்லலாம். தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோடு குழாய்க்கு வெளியே தெரியும் வரை உயர்த்தலாகாது. கோடு வெளியே வந்தால் தண்டோ குழாயோ முறிய நேரும். அக்கோட்டை எட்டிவிட்டால் வண்டி சிறியதாயிற்று என்று கொண்டு தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடலாம். வேறு ஊருக்கு மாறிச் செல்லும் குடும்பங்கள் நம் சங்கத்து அன்பர்களுக்குள்ளேயே வண்டிகளை மாற்றிக்கொண்டால் இரு வீட்டாருக்கும் செலவு மிஞ்சும். வாங்குவோர் சங்கிலியை அளந்து, சட்டத்தைத் தேர்ந்து வாங்கட்டும்.

பெண்பிள்ளைகளைக் குறித்து ஒரு சொல். கறுப்பு வண்டிகள் பலவற்றில் சங்கிலியை முழுவதும் மூடும் தகரப்பெட்டி உண்டு. மலை மிதிவண்டியில் அது பெரும்பாலும் இல்லை. தொங்கும் துப்பட்டாவும் அகன்ற கால்சட்டை விளிம்பும் சங்கிலிக்கும் பல்லுக்கும் இடையே சிக்கினால் வண்டி அப்படியே நின்று ஆளைத் தள்ளும். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்வதும், கால்சட்டையின் வலப்புற விளிம்பை ஒரு பட்டையால் இறுக்குவதும் பழக்கமாகட்டும். அண்ணனுக்கு வாங்கிய வண்டியையே தங்கையும் ஓட்டுவாளாயின் இருவருள் குறுகிய உட்கால் உயரத்துக்கே சட்டத்தைத் தேர்க.

ஒவ்வொரு திங்களும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கிலியைத் துடைத்து, எண்ணெயிட்டு, 24 ஆணிகளை எண்ணி அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். அளவைத் தேதியிட்டு ஒரு பழைய நோட்டில் எழுதி வரட்டும். பள்ளி திறக்குமுன் வண்டி வாங்க எண்ணியிருப்போர் இன்று மாலையே சுவரில் அந்தப் பென்சில் கோட்டைப் போட்டு வைப்பார்களாக.